ஊக்கு குத்தினால் பங்க் ஆகிவிடாது: ஆடை வடிவமைப்புத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், இறுதியாண்டுக் காட்சிக்கு மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும், அந்தக் காட்சிக்காக இப்போது கடை கடையாகத் துணி பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

‘பங்க்’ (1970களில் கலக ராக் இசையோடு எழுந்த இளைஞர் உடைப் பாணி) என்று ஒற்றைச் சொல்லைக் கருப்பொருளாக எழுதி, கீழே பத்துப் படங்களை ஒட்டிக் கொடுத்தால் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தப் படங்கள் வந்து சேரும் இடம் பேட்டர்ன் மேசை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சுகளை வரையும் மேசை. படத்தில் இருக்கும் கிழிசலும் ஊக்கும் சங்கிலியும் அங்கே அளவாகவும் தையலாகவும் மாறியாக வேண்டும். கிழிசல் எந்தத் திசையில், ஊக்கு எதைத் தாங்குகிறது, பட்டியின் நீளம் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. கறுப்புத் துணியில் நூறு ஊக்குகளைக் குத்தி, ‘ரெபெல்’ என்று பெயர் வைத்து மேடையேற்றிவிடுகிறார்கள். நடுவர்களும் எட்டு, ஒன்பது என்று போட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மதிப்பெண்ணைத் தோற்றத்துக்குப் போடாமல் செய்முறைக்குப் போடுங்கள். பங்க் உடையில் பார்க்கத் தெரிவது எல்லாமே ஏதோ ஒரு செய்முறையின் விளைவு. அதை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்தால் கையில் மிஞ்சுவது மாறுவேடப் போட்டி உடைதான்.

முதலில் ஊரும் ஆண்டும். பங்க் உடை உருவான இடம் லண்டன், கிங்ஸ் ரோடு, 430ஆம் எண் கடை. இசைக்குழு மேலாளர் மால்கம் மெக்லாரனும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் 1971இல் அங்கே ‘லெட் இட் ராக்’ என்ற பெயரில் 1950களின் டெடி பாய் எனப்பட்ட இளைஞர்களின் உடைகளை விற்றார்கள். 1973இல் பெயர் மாறியது, பைக் ஓட்டுகிறவர்களின் தோல் உடை வந்தது. 1974இல் ‘செக்ஸ்’, ரப்பர் உடை. 1976 முடிவில் ‘செடிஷனரீஸ்’. பெயரோடு சரக்கும் மாறியது. பழைய சரக்கின் வெட்டும் பூட்டும் புதிய சரக்குக்குள் நுழைந்தன. கிழிந்த டீசர்ட்டை ஊக்கால் பிடித்துப் போடும் பழக்கத்தை மெக்லாரன் நியூயார்க்கில் ராக் பாடகர் ரிச்சர்ட் ஹெல்லிடம் பார்த்தார். பங்க்குகள் போட்ட தோல் ஜாக்கெட் ஷாட் நிறுவனம் 1928இல் பைக் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த பெர்ஃபெக்டோவின் வழிவந்தது. பூட்ஸோ, 1960 ஏப்ரல் 1இல் விற்பனைக்கு வந்த எட்டுத் துளை டாக்டர் மார்ட்டென்ஸ். தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் போட்டது. ஆக, பங்க்கே கடன் வாங்கித்தான் வந்தது. உயர்தர ஃபேஷன் தெருவிலிருந்து எடுப்பதைத் ‘திருட்டு’ என்று வைவது எங்கள் நோக்கமல்ல. எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

‘பாண்டேஜ் டிரவுசர்’ என்ற ஒரே ஓர் உடையைப் பிரித்துப் பார்ப்போம். செடிஷனரீஸ் கடையின் கறுப்பு காட்டன் சேட்டீன் கால்சட்டை. ராணுவ வேலைக் கால்சட்டையின் வெட்டுதான் அடிப்படை. முன் இடுப்பில் தொடங்கும் ஜிப் தொடை இடுக்கு வழியாகப் பின்பக்கம் வரை ஓடும். இரண்டு முழங்கால்களையும் ஒரு பட்டி இணைக்கும். கெண்டைக்காலில் ஜிப். பின்புறம் கழற்றி மாட்டக்கூடிய ஒரு துண்டுத் துணி தொங்கும். மாணவர்கள் இதில் பட்டியை மட்டும் எடுத்து, கடையில் வாங்கிய ஜீன்ஸில் தைத்துவிடுகிறார்கள். எங்கே தவறும் என்று சொல்கிறோம்.

ஜிப்பிலிருந்து தொடங்கலாம். முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை வளைவோடு அளந்தால் சராசரி ஆளுக்கு 60 முதல் 70 செ.மீ. வரும். உலோகப் பல் வைத்த 5ஆம் எண் ஜிப் வேண்டும். எதிரெதிரே ஓடும் இரண்டு ரன்னர்கள் வேண்டும். வளைவில் ஜிப் படிய வேண்டுமானால் தையல் விளிம்பில் வெட்டு விட்டாக வேண்டும். ஆனால் வெட்டு விட்ட அதே இடம்தான் ஆள் உட்கார்ந்ததும் முதலில் கிழியும். எனவே வெட்டு விடுவதற்கு முன்பே அதே துணியில் 2.5 செ.மீ. அகலத்துக்குக் குறுக்குவாட்டுப் பட்டை (கிராஸ் பீஸ்) வெட்டி அடியில் கொடுத்துத் தைத்துவிடுங்கள். விளிம்பு 1 செ.மீ. என்றால் வெட்டு 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடுத்து, நான்கு தையல்கள் சந்திக்கும் இடுக்கு. உள்காலின் தையலைப் பிரித்து அயர்ன் செய்து, விளிம்பை 5 மி.மீ.க்குக் குறைத்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்காவிட்டால் ரன்னர் அங்கே வந்து நின்றுவிடும். உள்ளே 4 செ.மீ. அகலத்தில் ஒரு மறைப்புத் துணியும் வையுங்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை என நினைக்கிறோம்.

முழங்கால் பட்டியை எல்லோரும் கண்ணளவில் வெட்டுகிறார்கள். உடையைப் போடப்போகும் ஆளை ஒரு படிக்கட்டில் ஏறச் சொல்லுங்கள். கால் மேல் படியில் இருக்கும்போது முழங்காலுக்கு முழங்கால் டேப் வைத்து அளந்து, அதோடு 5 செ.மீ. சேர்த்தால் வருவதுதான் பட்டியின் நீளம். நிற்கும்போது அது தளர்ந்து தொங்கும், தொங்கத்தான் வேண்டும். இறுக்கமாக இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், மேடையில் ஆள் விழுவார். பட்டியின் முனை வெறும் துணிமேல் உட்காராமல் தையலுக்குள் 2 செ.மீ. நுழைந்திருக்கட்டும், மேலே 2.5 செ.மீ. சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடட்டும். ஒரு முனையிலாவது கையால் சட்டெனக் கழற்றும் கொக்கி இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவையும் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு ஒன்று பிடிபடும்: இந்தக் கால்சட்டை உடம்பின் நடையையே மாற்றுகிறது. வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு அதுதான். பட்டியே இல்லாமல், கறுப்பு நிறமே இல்லாமல், நடையை மாற்றும் ஓர் உடையைச் செய்தால் அதற்குத் தாராளமாகப் பத்துக்குப் பத்து போடுங்கள்.

இனி ஊக்கு. இதை வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849இல் காப்புரிமை எடுத்து, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். நம் வீடுகளில் தாலிக்கொடியிலும் வளையலிலும் நாலு ஊக்கு எப்போதும் தொங்கும். அதில் கலகம் எதுவும் இல்லை. ஊக்குக்கென்று தனியாக ஓர் அர்த்தம் கிடையாது. கிழிந்ததை மறைக்காமல், தைக்காமல், பிடித்து வைத்திருக்கிறேன் என்று காட்டும்போதுதான் அது பங்க் ஆகிறது. கிழியாத துணியில் வரிசையாகக் குத்திய ஊக்கு வெறும் சம்க்கி வேலை.

இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான வெர்சாச்சேவின் 1994ஆம் ஆண்டுக் கறுப்பு கவுனை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகை எலிசபெத் ஹர்லி லண்டனில் ஒரு திரைப்படத்தின் முதல் காட்சிக்குப் போட்டு வந்தது. முன்துண்டும் பின்துண்டும் பக்கவாட்டில் பிரிந்திருக்க, பெரிய தங்கநிற ஊக்குகள் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். ஊக்கின் உலோகத்தை மாற்றினார்கள், அளவைப் பெரிதாக்கினார்கள், ஆனால் ‘பிடிக்கிற’ வேலையை அதனிடமிருந்து பறிக்கவில்லை. அதைக் கழற்றினால் உடை விலகும் என்ற பயம் பார்ப்பவருக்கு இருப்பதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பயம் இல்லாமல் அலங்காரத்துக்கு ஊக்கு குத்திய உடைகள் அதன்பின் எத்தனையோ வந்தன; ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

பிடிக்கிற ஊக்கு என்றால் பளு உண்டு. ஒவ்வொரு ஊக்கும் துணியை இரண்டே புள்ளிகளில் இழுக்கிறது. சாட்டினிலும் பட்டிலும் அந்தப் புள்ளியில் இழைகள் விலகி ஓட்டையாகிவிடும்; சேலை முந்தானையைத் தோளில் குத்துகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். விளிம்பின் உள்ளே 12 மி.மீ. ட்வில் டேப் (நெய்த உறுதியான நாடா) வைத்துத் தைத்து, ஊக்கு துணியோடு டேப்பையும் சேர்த்துக் குத்தும்படி செய்யுங்கள். ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் பசைத் துணி) ஒட்டினால் போதும் என்று நம்பாதீர்கள். பசை இழைகளைச் சேர்த்து வைக்குமே தவிர, ஊசிமுனையின் இழுப்பைத் தாங்காது. ஊக்குக்கு ஊக்கு 2.5 செ.மீ. இடைவெளி நல்லது. நெருக்கமாகக் குத்தினால் பளு பகிரும் என்பது உண்மைதான், ஆனால் துளைகள் ஒரே கோட்டில் வரிசையாக விழுந்து, தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். மெல்லிய துணி ஊக்கின் சுருளுக்குள் சிக்குவதைத் தடுக்க, நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வழியைவிடச் சிறந்தது எங்களுக்குத் தெரியாது: குத்துவதற்கு முன் ஒரு சின்ன மணியைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட வேண்டும்.

உலோகம் எது என்பதையும் பாருங்கள். மலிவான ஊக்கு நிக்கல் பூசிய இரும்பு. வியர்வை பட்டால் துருவேறி, வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது. உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துண்டில் ஊக்கைச் சுற்றி ஓர் இரவு வைத்தால் காலையில் விடை தெரிந்துவிடும். ஏற்றுமதிக்குப் போகும் உடை ஊசி கண்டறியும் இயந்திரத்தைத் தாண்டியாக வேண்டும். அது இரும்பைக் கண்டால் கத்தும். எனவே பித்தளை ஊக்கு வாங்குங்கள். ஐரோப்பாவுக்கு என்றால், தோலில் நெடுநேரம் படும் உலோகத்திலிருந்து கசியும் நிக்கல் ஒரு சதுர செ.மீ.க்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமே?

கிழிசலுக்கு வருவோம். இதில்தான் உயர்தர ஃபேஷன் தெருவிடமிருந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது. 1977இல் லண்டன் வடிவமைப்பாளர் ஸாண்ட்ரா ரோட்ஸ் ஜெர்சித் துணியில் (டீசர்ட் மாதிரியான பின்னல் துணி) ஓட்டைகள் போட்டு, சங்கிலியும் மணி கோத்த ஊக்கும் தொங்கவிட்டு ஒரு தொகுப்பே செய்தார். அசல் பங்க்குகள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரு தையல்காரரின் கண்ணுக்கு அதில் பாடம் உண்டு: ஓட்டையை விபத்தாக விடாமல், கழுத்து வெட்டைப் போல, கைத்துளையைப் போல, இடம் பார்த்து வைத்து, அதற்கு ஒரு முடிப்பும் கொடுத்தார். ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ இன்னும் தள்ளிப் போனார். 1982இல் தன் நிறுவனமான காம் தெ கார்சோனுக்காக அவர் செய்த கறுப்பு ஸ்வெட்டரில் இருக்கும் ஓட்டைகள் வெட்டியவை அல்ல. பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி, பின்னும்போதே விழவைத்தவை. கத்தரிக்கோல் படாத கிழிசல். அதற்கு அவர் வைத்த பெயர் ‘லேஸ்’. திருப்பூரில் துணி பார்க்கும் மேசையில் ஓட்டை வந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஒதுக்கப்பட்ட துணி எப்படி ஓட்டையானது என்று ஒரு மாணவர் போய்க் கேட்டால், ஒரு தொகுப்புக்கான விதை அங்கேயே கிடைக்கும். பங்க் படம் எதையும் பார்க்கவே வேண்டாம்.

கத்தரியால்தான் வெட்டுவேன் என்றால் துணியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். சிங்கிள் ஜெர்சியைக் குறுக்காக வெட்டினால் விளிம்பு முகப்பக்கம் சுருளும்; நெடுக்காக வெட்டினால் பின்பக்கம் சுருளும். அதனால் ஒரே ஓட்டையின் மேல்கீழ் விளிம்புகள் வெளியேயும் பக்க விளிம்புகள் உள்ளேயும் மடங்கி, நீங்கள் வெட்டிய வட்டம் வேறு வடிவமாகத் தெரியும். முதலில் துண்டுத் துணியில் வெட்டி, இழுத்துவிட்டுப் பார்த்துவிட்டு அளவு தீர்மானியுங்கள். பருத்தி ஜெர்சி அவ்வளவாக ஓடாது. விஸ்கோஸும் நைலானும் ஏணி ஏணியாகப் பிரிந்து ஓடும். அவற்றுக்கு ஓட்டையைச் சுற்றி நீளும் ஃபியூசிங் பட்டை கொடுத்து, 2 மி.மீ. அகல ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள்.

டெனிமில் கதை வேறு. நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. வெள்ளை இழைகள் குறுக்கே தொங்கும் கிழிசல் வேண்டுமானால், 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறுக்கு வெட்டுகள் போட்டு, நடுவில் இருக்கும் நீல இழைகளை ஒவ்வொன்றாக ட்வீசரால் உருவ வேண்டும். நெடுக்காக வெட்டினால் ஊடை அறுந்துபோகும், வெறும் வாய் பிளந்து நிற்கும். வெட்டுக்கு 6 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் ஒரு பொடித் தையல் ஓட்டினால் கிழிசல் அந்த எல்லையைத் தாண்டாது. எந்தக் கிழிசலானாலும் மூன்று முறை துவைத்த பிறகே நடுவர் முன்னால் கொண்டுவாருங்கள். துவைக்காத கிழிசல் பாதி வேலை.

ப்ளீச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, உடம்புக்கு ஆபத்து என்பதால். கடையில் வாங்கும் குளோரின் ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. பருத்தியில் மட்டும். கம்பளியும் பட்டும் கரைந்தே போகும், லைக்ரா மஞ்சளாகி இழுவை விட்டுவிடும், பாலியஸ்டர் அசையாது. பாலியஸ்டர் நூலால் தைத்த கறுப்புப் பருத்திச் சட்டையை ப்ளீச் செய்தால் துணி வெளுத்து, தையல் மட்டும் கறுப்பாகவே நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் முதலிலேயே பருத்தி நூலால் தைக்க வேண்டும். நினைத்த நிறம் வந்ததும் தண்ணீரில் அலசுவது மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்தால்தான் குளோரினின் அரிப்பு நிற்கும். இல்லாவிட்டால் மேடையேறும் நாளில் தொட்ட இடம் பொடியும். வினிகர் ஊற்றினால் போதும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. ப்ளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யவே கூடாது.

ஸ்டட் (தோலில் பதிக்கும் உலோகக் குமிழ்) வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடையைக் கணக்கிடுங்கள், அவ்வளவுதான். பத்து ஸ்டட்களைத் தராசில் வைத்து, வந்த எடையைப் பத்தால் வகுத்து, தேவையான எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒன்று 2 கிராம் என்றால் 400க்கு 800 கிராம். அத்தனையும் தோள் தையலில் தொங்கும். 0.7 மி.மீ. ஆட்டுத் தோல் இதைத் தாங்காது. பின்னால் கேன்வாஸ் கொடுங்கள், இல்லையென்றால் 1.2 மி.மீ. மாட்டுத் தோலுக்குப் போங்கள். கால் மடக்கும் வகை ஸ்டட்களை லைனிங் போடுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். திருகு வகை நடக்க நடக்கக் கழன்று விழும். மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டால் நிற்கும். ஜாக்கெட்டில் துணிச் சின்னங்களைத் தைக்கப் பங்க்குகள் பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலை எடுத்ததும் இதே மாதிரியான காரணத்தால்தான்: மெழுகேற்றிய நைலான், தையல் நூலைவிட வலு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

சின்னங்கள் என்றதும் இன்னொன்று. செடிஷனரீஸின் நீளக் கை மஸ்லின் சட்டை ஒன்றில் நாஜிகளின் ஸ்வஸ்திகா பெரிதாக அச்சாகியிருக்கும். போரை வென்ற தலைமுறையின் முகத்தில் எறிய அன்று அதை எடுத்தார்கள். அன்றும் அது எல்லோருக்கும் சரியாகப் படவில்லை. நம்மூரில் அதைக் கோலத்தில் பார்த்து வளர்ந்த மாணவர், வித்தியாசம் தெரியாமல் நகலெடுத்துவிடக் கூடும். அந்தச் சட்டையில் எடுக்க வேண்டியது கை: உள்ளங்கையைத் தாண்டி நீண்டு, வளையமும் கொக்கியும் வைத்து மடித்து மாட்டும் கை. அச்சை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர ராக் இசையோடு வந்த கிரஞ்ச் பாணி பற்றியும் ஒரு வார்த்தை. 1992 நவம்பரில் வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக சியாட்டில் இளைஞர்களின் ஃபிளானல் சட்டையைப் பட்டில் செய்து காட்டினார், வேலை போயிற்று. இன்று அதை மேதைமை என்கிறார்கள். எங்களுக்கு அது பாதி வெற்றிதான். குளிருக்கும் மலிவுக்கும் போட்ட சட்டையிலிருந்து குளிரையும் மலிவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டம் மட்டும். ஆனால் பட்டில் அந்தக் கட்டம் விழும் விதம் வேறு, அதை மறுக்க முடியாது. வெஸ்ட்வுட்டே பின்னாளில் டார்ட்டனை (ஸ்காட்லாந்துக் குலங்களின் கட்டம் போட்ட துணி) எப்படிக் கையாண்டார் பாருங்கள்: 1993 தொகுப்புக்காக, ஏதோ ஒரு குலத்தின் கட்டத்தை எடுக்காமல், கணவர் ஆண்ட்ரியாஸின் பெயரில் புதிதாக ஒரு கட்டத்தையே ஸ்காட்லாந்தில் நெய்ய வைத்தார்.

2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க்கையும் உயர்தர ஃபேஷனையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தபோது, பொறுப்பாளர் ஆண்ட்ரூ போல்டன் உடைகளை ஆண்டுவாரியாக அடுக்கவில்லை. இரும்புச் சாமான், ஒட்டுப்போடல், கிறுக்கலும் பிரச்சாரமும், அழித்தல் என்று நான்கு கைவேலைகளாகப் பிரித்தார். ஒரு பங்க் இசைக் கிளப்பின் கழிவறையை அப்படியே கட்டி வைத்ததை நாங்கள் ரசிக்கவில்லை. ஆனால் அந்த நான்கு தலைப்புகளை உங்கள் மதிப்பெண் தாளில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

துறைத் தலைவர்களே, ‘பங்க்’ என்று மட்டும் எழுதிய கருப்பொருள் தாளைத் திருப்பி அனுப்புங்கள். எந்த உடை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வரட்டும். புதிதாக வடிவமைக்கும் முன், அந்த அசல் உடையைக் காடாத் துணியில் ஒருமுறை நகலெடுத்துத் தைத்துக் காட்டட்டும். இரண்டு வாரம் போதும். நடுவர்களே, உடையைப் போட்ட ஆளை முப்பது நிமிடம் நடக்கவும், நாற்காலியில் உட்காரவும், ஒரு மாடி ஏறி இறங்கவும் சொல்லுங்கள். பிறகு உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊக்கின் பின்னால் டேப் இருக்கிறதா, ஸ்டட்டின் கால் மடங்கியிருக்கிறதா, வெட்டின் பின்னால் பட்டை இருக்கிறதா என்று பார்க்க ஓர் உடைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. மேடைக்கு முன்னால் வைக்கும் குறிப்பு அட்டையில், எடுத்தது எங்கிருந்து என்று ஒரு வரியும், பேட்டர்ன் வெட்டியவர், தைத்தவர் பெயர்களும் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு: காடாத் துணியும் பித்தளை ஊக்கும் முதலில் வாங்குங்கள். கறுப்புத் துணி கடைசி வாரத்தில் வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
பேட்டர்ன் மேசையிலும் சாம்பிள் மெஷினிலும் வேலை செய்யும் சிலர்